கொங்கு மேட்டு நிலத்தின் நீர்க்கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் விரிந்து கிடக்கும் அன்னூர், அவினாசி, பல்லடம், பெருந்துறை, காங்கேயம் வட்டாரங்களில் ஆண்டு மழை பெரும்பாலும் 600 முதல் 700 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது; தமிழ்நாட்டின் சராசரி சுமார் 920 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால் இது எவ்வளவு குறைவு என்பது விளங்கும். பவானிசாகர், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டக் கால்வாய்கள் எட்டாத மேட்டுப்பாங்கான ஊர்களில் கிணற்றை நம்பியே வெள்ளாமை நடந்துவந்திருக்கிறது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீரின் அளவை மாட்டின் உழைப்பே வரையறுத்தது. மின்மோட்டார் வந்தபின் அந்த வரம்பு தளர்ந்தது. 1990இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தபின் இறைக்கும் செலவும் கணக்கிலிருந்து விலகிற்று. கிணறு வற்றியபோது அடியில் துளையிட்டார்கள், பக்கவாட்டில் 'சைடு போர்' போட்டார்கள், அதுவும் போதாதபோது தனியே ஆழ்துளைக் கிணறு இறக்கினார்கள். ஆயிரம் அடியைத் தாண்டிய போர் இவ்வட்டாரத்தில் இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை.

இந்த இறக்கத்தை ஈடுகட்டும் வழியாகச் சொல்லப்படுவது செயற்கை நீர்செறிவூட்டல். மழைநீர் தானாக மண்ணுக்குள் இறங்கும் அளவை, தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, உறிஞ்சுகுழி போன்ற அமைப்புகளால் கூட்டுவதே இதன் பொருள். வீட்டுக் கூரையில் விழும் நீரைத் தொட்டியில் பிடித்து நேரடியாகப் பயன்படுத்துவதும், கூரை நீரையோ வயல் நீரையோ நிலத்துக்குள் அனுப்புவதும் மழைநீர் அறுவடை என்ற ஒரே பெயரால் வழங்கப்பட்டாலும், உழவு மாவட்டம் ஒன்றைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரியது. அதைத் திட்டமிடுவோர் எத்தனை தடுப்பணை கட்டலாம் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: நிலத்துக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்ப எவ்வளவு நீர் மிச்சமிருக்கிறது, நிரப்பிய நீரை யார், எவ்வளவு, எப்போது எடுக்கப்போகிறார்கள்? கொங்கு மேட்டு நிலத்தில் இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடைகள், பொதுவான எதிர்பார்ப்புக்கு மாறாகவே இருக்கின்றன.

பாறைக்குள் இருக்கும் இடம்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறையால் ஆனது. கொங்குப் பகுதியில் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் வகைப் பாறைகளே மிகுதி. இவற்றின் மேல்பகுதி காலப்போக்கில் சிதைந்து பொறுபொறுப்பாக மாறியிருக்கும். பழைய திறந்த கிணறுகளுக்கு நீர் கொடுத்தது இந்தச் சிதைவடுக்குதான். அதற்குக் கீழே உடையாத பாறை. அதில் நீர் தங்க இடம் விரிசல்களிலும் பிளவுகளிலும் மட்டுமே. ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது ஏதேனும் ஒரு பிளவைத் தொட்டுவிட்டால் முதல் நாள் நீர் பொங்கி வரும். ஆனால் அந்தப் பிளவு ஒரு வழியே தவிரக் களஞ்சியம் அன்று. மேலேயுள்ள சிதைவடுக்கிலிருந்து அதற்குள் நீர் இறங்காவிட்டால், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ போர் காற்றையே தள்ளும். ஆழம் கூடக் கூடப் பிளவுகள் இறுகி அருகிவிடுவதால், ஆழத்தைக் கூட்டுவதால் நீர் அதே விகிதத்தில் கூடுவதில்லை.

ஓர் அடுக்கு எவ்வளவு நீரைத் தரும் என்பதை அளக்க நீர்விடு திறன் என்ற அளவீடு பயன்படுகிறது. நீர் நிறைந்த ஒரு கனமீட்டர் மண்ணையோ பாறையையோ அப்படியே வடியவிட்டால், அதிலிருந்து வெளிவரும் நீரின் பங்கே அது. இந்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறையின்படி மணற்பாங்கான ஆற்றுப்படிவில் இது 16 விழுக்காடு வரை கொள்ளப்படுகிறது. களி குறைந்த சிதைந்த நைஸ் பாறையில் 3 விழுக்காடு. களி மிகுந்திருந்தால் 1.5 விழுக்காடு மட்டுமே. ஆகவே கொங்குக் கிணற்றில் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறியது என்றால், சுற்றியுள்ள நிலத்துக்குள் உண்மையில் சேர்ந்தது ஒன்றரை முதல் மூன்று சென்டிமீட்டர் உயர நீர்தான். நல்ல மழைக்குப் பின் நீர்மட்டம் சட்டென மேலே வருவதும், இரண்டு மாத இறைப்பில் அதே வேகத்தில் கீழே போவதும் இதனால்தான். மட்டம் உயர்ந்ததைப் பார்த்துவிட்டு அதிக நீர் வேண்டும் பயிரை வைக்கும் உழவர் ஏமாறுவதும் இங்கேதான்.

இடம் அதிகம், நீர் குறைவு

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுமைக்குமான செறிவூட்டல் பெருந்திட்டத்தை 2002, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுத் திட்டம் சுமார் 1.42 கோடி அமைப்புகள் வழியாக 185 பில்லியன் கனமீட்டர் மழைநீரைப் பிடிக்கலாம் என்று மதிப்பிடுகிறது. அது பின்பற்றும் முறை எளிமையானது: பருவமழைக்குப் பிறகும் நீர்மட்டம் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழே இருக்கும் இடங்களை எடுத்துக்கொண்டு, அந்த 3 மீட்டர் எல்லைவரை நிரப்பக்கூடிய வெற்றிடத்தைக் கணக்கிடுவது. அதற்கும் மேலே நீர் ஏறினால் வேர்ப்பகுதி ஊறி, உப்பும் மேலெழும் என்பதால் மேல் 3 மீட்டர் விடப்படுகிறது. அனுப்பும் நீர் முழுவதும் உள்ளே சென்று சேராது என்பதால் 75 விழுக்காடு பயன்திறனே கொள்ளப்படுகிறது.

இந்த முறையை 500 எக்டர் பரப்புள்ள ஓர் ஓடையின் நீர்பிடிப்புப் பகுதிக்குப் பொருத்திப் பார்க்கலாம். மழைக்குப் பிந்தைய நீர்மட்டம் 12 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று கொண்டால், நிரப்பத்தக்க தடிப்பு 9 மீட்டர். நீர்விடு திறன் 1.5 விழுக்காடு எனில் வெற்றிடத்தின் அளவு 6,75,000 கனமீட்டர். அதை நிரப்பத் தேவையான நீர் 9,00,000 கனமீட்டர். அதே பரப்பில் 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் மொத்த நீர் 32,50,000 கனமீட்டர். ஆனால் அதில் பெரும்பகுதியை மண்ணும் பயிரும் வெயிலும் எடுத்துக்கொள்ள, பத்தில் ஒரு பங்கு ஓடையில் வழிந்தோடுகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 3,25,000 கனமீட்டர்தான். அதிலும் கீழேயுள்ள குளங்களுக்குரிய பங்கைக் கழித்தாக வேண்டும். ஆக, நிலத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை நிரப்பத் தேவையான நீர், கிடைக்கும் நீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. காவிரிக் கழிமுகத்தின் களிமண் பகுதியில் நிலைமை நேர்மாறு: அங்கே நீர் உண்டு, இறங்க இடமில்லை. கொங்கில் இடம் தாராளம்; நீர்தான் தட்டுப்பாடு.

ஆண்டுச் சராசரியைக் கொண்டு போடும் இக்கணக்கும் ஓரளவுக்கே துணை செய்யும். சிறுதூறலும் சாரலும் மேல்மண்ணை நனைப்பதோடு நின்றுவிடுகின்றன. ஓடையில் நீர் புரளுவது கோடைமழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வரும் சில கனமழை நாட்களில்தான். ஆகவே திட்டமிடுபவருக்கு மாத மழையளவைவிட நாள் மழையளவே தேவை. சராசரி ஆண்டுக்கு ஏற்பப் பெரிதாகக் கட்டப்பட்ட தடுப்பணை வறட்சி ஆண்டில் வெறுமையாய்க் கிடக்கும். ஓடைக்கு அளவு மீறி வரிசையாகக் கட்டினால் மேலூர்க்காரரின் கிணறு நிறையும்போது கீழூர்க் குளத்துக்கு நீர் வந்து சேராது. நொய்யலின் பழைய அணைக்கட்டுகளும் அவற்றோடு வாய்க்காலால் பிணைந்த குளங்களும் ஒன்றின் வழிநீர் அடுத்ததற்கு என்ற ஒழுங்கில் அமைந்தவை; அந்த ஒழுங்கை மறந்து ஊர்வாரியாகத் திட்டம் போட்டால், ஒரே நீரை இரண்டு ஊர்களின் கணக்கில் எழுதிக்கொண்டிருப்போம்.

எங்கே எது பொருந்தும்

நீர்வடிப்பகுதி என்பது ஓர் ஓடைக்கு நீர் கொண்டுவந்து சேர்க்கும் நிலப்பரப்பு முழுவதும். வேலை அதன் மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்துக்கு வர வேண்டும் என்பது அனுபவம் வகுத்த விதி. மேட்டில் சம உயர வரப்பும் அகழியும் கோடை உழவும் நீரின் ஓட்டத்தைத் தணித்து, மண்ணையும் அங்கேயே நிறுத்துகின்றன. இவை புகைப்படத்துக்கு எடுப்பாக இருப்பதில்லை என்பதாலோ என்னவோ, பல இடங்களில் இவற்றை விட்டுவிட்டு ஓடையில் நேராகத் தடுப்பணை எழுப்பப்படுகிறது. மேட்டிலிருந்து அடித்துவரும் மண் சில பருவங்களிலேயே அதைத் தூர்த்துவிடுகிறது. தடுப்பணைக்குக் கரை உறுதியாகவும், ஓடைப்படுகை மணலாகவும், அடியில் சிதைவடுக்கு தடிப்பாகவும் இருக்க வேண்டும். சற்றுக் கீழே பயன்பெறும் கிணறுகளும் இருக்க வேண்டும். பல்லடம் பக்கத்துக் கரிசலிலும், சுக்கான் கல் இறுகிய நிலத்திலும் மேலே தேங்கும் நீர் உள்ளே போவது மெதுவாகத்தான். அத்தகைய இடத்தில் அந்த அடுக்கைத் துளைத்துச் சிதைவடுக்கைத் தொடும் உறிஞ்சு துளை வேண்டும். நில வரைபடம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் பிளவுக்கோடுகள், மின்தடை ஆய்வு ஆகிய மூன்றும் ஒத்துச் சொல்லும் இடமே அதற்குத் தகுந்தது.

கசிவுநீர்க் குட்டையின் வெற்றியும் தோல்வியும் அதன் தரையில்தான் தீர்மானமாகின்றன. மழை வெள்ளம் சுமந்துவரும் நுண்ணிய களி, நீர் அசையாமல் நின்றதும் மெல்ல அடியில் படிகிறது. குட்டை வற்றியபின் தகடு தகடாகச் சுருண்டு கிடக்கும் அந்தப் படலம் சில மில்லிமீட்டர் தடிப்பே இருந்தாலும், அடுத்த மழையில் ஊறி இறுகி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். தரை தெளிவாக இருந்து 20 மில்லிமீட்டர் கசிந்தால், குட்டையில் சேர்ந்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு நிலத்துக்குள் போகும். படலம் படிந்து கசிவு 5 மில்லிமீட்டராகக் குறைந்தால் சரிபாதி வெயிலுக்குப் போய்விடும். கோடையில் அந்த மேல்படலத்தை வழித்தெடுத்து வயலுக்கு வண்டலாக இடுவது கிணற்றுக்கும் நிலத்துக்கும் ஒருசேர நன்மை தருவது. ஆனால் தூர்வாருதல் என்ற பெயரில் மண் வணிகத்துக்காகக் கண்ட இடத்தில் ஆழக் குழி பறிப்பது, நீரைக் குழிகளில் முடக்குவதோடு கரையின் உறுதியையும் கெடுக்கும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணமும் பொறுப்பாளரும் ஒதுக்கப்படாத குட்டை, திறப்பு விழாவன்று இருந்த திறனோடு நீடிப்பதில்லை.

திறந்த கிணற்றையே செறிவூட்டும் அமைப்பாக மாற்றும் யோசனையும் உண்டு. 2007–08இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு கடினப்பாறை மாநிலங்களுக்கு மத்திய அரசு சுமார் 1,800 கோடி ரூபாயில் இதற்கென ஒரு திட்டத்தை அறிவித்து, கிணறு ஒன்றுக்குச் சராசரியாக 4,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. வயலில் ஓடும் நீர் முதலில் ஒரு படிவுக் குழியில் நின்று வண்டலைக் கழித்து, ஆற்று மணல், ஜல்லி, உடைகல் அடுக்குகள் வழியாக வடிந்து, குழாய் மூலம் கிணற்றில் விழ வேண்டும். பருவத்தின் முதல் மழைநீரை உள்ளே விடாமல் வெளியேற்றுவதும், மேல்மணலை அவ்வப்போது சுரண்டி மாற்றுவதும் கட்டாயம். திட்டம் எதிர்பார்த்த அளவு விரியவில்லை. கலங்கல் நீர் கிணற்றைத் தூர்த்துவிடும் என்ற அச்சம் ஒருபுறம். தன் கிணற்றில் இறக்கும் நீரை அடுத்த தோட்டத்து ஆயிரம் அடிப் போர் இழுத்துக்கொள்ளும் என்ற நினைப்பு மறுபுறம். இரண்டாவது அச்சம் வெறும் கற்பனையன்று. நிலத்துக்குள் போன நீருக்குப் பட்டா எல்லை கிடையாது.

எந்த நீரை உள்ளே விடுவது

நீரின் அளவோடு தரமும் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு நொய்யலின் குறுக்கே 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையே கசப்பான சான்று. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட அந்த அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு மிகுந்த கழிவுநீர் வந்து தேங்கியது. தேங்கிய நீர் கசிந்து இறங்க, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. நீரைத் தேக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்க நேர்ந்தது. வழக்குகள் நீண்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றாத முறையைக் கடைப்பிடிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பொறியியல் கண்ணால் பார்த்தால் அந்த அணை மிகச் சிறப்பாகச் செறிவூட்டியது, செறிவூட்டியது நஞ்சை. பாறைப் பிளவுகளுக்குள் போன உப்பை வெளியே எடுப்பது எளிதன்று என்பதால், நகரக் கழிவோ ஆலைக் கழிவோ கலக்கும் ஓடையில் அமைப்பு எதையும் எழுப்பும் முன் நீரைச் சோதிப்பது இன்றியமையாதது. வற்றிய போர்களுக்குள் நேரடியாக மழைநீரை விடுவதும் இதே காரணத்தால் எச்சரிக்கைக்குரியது. வடிகட்டி இல்லாமல் விட்டால் பூச்சிமருந்தும் உரமும் ஆழ்பிளவுகளை நேராகச் சென்றடையும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட போரில் குழந்தை விழுந்து இறந்தபின், அத்தகைய துளைகளை மூடவோ மழைநீர் அமைப்பாக மாற்றவோ அரசு வலியுறுத்தியது. மாற்றுவதென்றால் வாய்மூடியும் வடிகட்டியும் சேர்ந்ததே மாற்றம்.

வெளியிலிருந்து வரும் நீர்

உள்ளூர் மழை போதாது என்ற உண்மையின் மேல்தான் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் எழுந்தது. பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின், சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில் முடிந்து 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம், பவானியாற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரிநீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலே ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாயில் அனுப்புகிறது. நோக்கம் நேரடிப் பாசனம் அன்று. குளங்களை நிரப்பி, கசிவால் சுற்றுக் கிணறுகளை ஊறச் செய்வதே. ஆண்டுக்கு 70 நாள், வினாடிக்கு 250 கன அடி என்பது திட்ட அளவு; கூட்டினால் 1.5 டி.எம்.சி., அதாவது ஏறக்குறைய 4.25 கோடி கனமீட்டர்.

இதைக் குளங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாகச் சுமார் 40,000 கனமீட்டர் வரும். ஒரு எக்டர் வாழைக்கு ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீட்டர், அதாவது 18,000 முதல் 20,000 கனமீட்டர் நீர் வேண்டும். ஆவியாதலையும் இழப்பையும் கழிக்காமல் பார்த்தாலும், ஒரு குளத்தின் சராசரிப் பங்கு இரண்டு எக்டர் வாழையோடு தீர்ந்துவிடும். மாறாக, திட்டத்தின் பயன்பரப்பாகச் சொல்லப்படும் 24,468 ஏக்கருக்கும் அதைப் பரப்பினால் சுமார் 430 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஒரு போகம் சோளத்துக்கு ஏறத்தாழ அது போதும், மழையோடு சேர்ந்தால் நிலக்கடலையும் கைகூடும். திட்டத்தின் பயன் குழாயின் விட்டத்தைவிட, குளத்தைச் சுற்றியுள்ள தோட்டங்கள் தேர்ந்தெடுக்கும் பயிரையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

யாரும் செறிவூட்டல் என்று பெயரிடாத செறிவூட்டலும் இவ்வட்டாரத்தில் உண்டு. கீழ்பவானிக் கால்வாய் மண்கால்வாயாக இருப்பதால் கசியும் நீர், அதன் பாசனப் பரப்புக்கு வெளியேயுள்ள கிணறுகளையும் ஊறவைக்கிறது. கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டு நவீனமாக்கும் திட்டம் வந்தபோது, கடைமடைக்கு நீர் சேரும் என்று வரவேற்றவர்களும், கிணறுகள் வற்றிவிடும் என்று போராடியவர்களும் எதிரெதிரே நின்றார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஏனெனில் கசிவு ஒருவர் கணக்கில் இழப்பு, மற்றவர் கணக்கில் வரவு. மாவட்டத் திட்டம் இத்தகைய வரவுகளையும் எழுதாவிட்டால், ஒரு துறை கோடிகளைச் செலவிட்டுக் குட்டை வெட்டும்போதே இன்னொரு துறை அதைவிடப் பெரிய கசிவை அடைத்துக்கொண்டிருக்கும்.

செலவுப் பக்கம்

நிலத்தடி நீர் மதிப்பீட்டில், ஒரு பகுதி ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை மிதமான அபாயம், 100 வரை அபாயகரம், அதற்கு மேல் அதிநுகர்வு என்று வகுக்கப்படுகிறது. அதிநுகர்வுப் பகுதியில் செறிவூட்டல் மட்டும் செய்தால் நிகழ்வது என்ன என்பதை ஊகிப்பது கடினமன்று: நீர் ஏறியதும் இறைப்பு கூடும், வகைப்பாடு மாறாது. களி மிகுந்த கடினப்பாறை நிலத்தில் மழையில் 8 விழுக்காடே இயல்பாகக் கீழிறங்குவதாக நெறிமுறை கொள்கிறது. 650 மில்லிமீட்டர் மழைக்கு இது எக்டருக்கு 520 கனமீட்டர். பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி திரும்ப மண்ணுக்குள் இறங்கும் என்றாலும், ஒரு எக்டர் வாழை முப்பது எக்டருக்கு மேற்பட்ட நிலத்தின் மழைச் செறிவுக்கு ஈடான நீரைக் கேட்கிறது என்பதே இதன் பொருள்.

சட்டம் இங்கே துணைக்கு வருவதில்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் நிலத்துக்கு உரியவரே அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமையுடையவர் என்ற நிலையைப் பேணுகிறது. தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. கட்டடங்களுக்கு மழைநீர் அமைப்பைக் கட்டாயமாக்கிய 2003ஆம் ஆண்டு நடவடிக்கை நகரங்களில் விளைவு தந்தது. ஆனால் வயலில் இறைப்பை வரையறுக்க அதுபோன்ற கருவி எதுவும் இல்லை. எஞ்சுவது ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு. மராட்டியத்தின் ஹிவ்ரே பஜார் கிராமம் இதற்குப் பெயர்பெற்றது. மிகக் குறைந்த மழை பெறும் அவ்வூர், அகழியும் வரப்பும் குட்டையும் அமைத்ததோடு நிற்காமல், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று முடிவெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப்பின் கிராமசபையில் நீர் வரவு செலவைப் படித்து, அதற்கேற்ப அடுத்த பயிரைத் தீர்மானிக்கிறது. கொங்கில் தென்னையும் வாழையும் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால் அதே தடையை அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. ஆனால் சொட்டுநீர்ப் பாசனத்தால் மிச்சமாகும் நீரை இன்னும் ஓர் ஏக்கர் கூடுதலாகப் பயிரிடச் செலவழிப்பதில்லை என்ற அளவிலாவது ஊர் உடன்பட வேண்டும்.

ஆகவே ஓர் உழவு மாவட்டத்தின் செறிவூட்டல் திட்டம் ஊராட்சி எல்லையை விட்டு நீர்வடிப்பகுதியை அலகாகக் கொள்ள வேண்டும். நீர்வளத்துறை, வேளாண் பொறியியல் துறை, ஊரக வளர்ச்சித் துறை ஆகியவை தனித்தனியே வெட்டும் குட்டைகளும் கட்டும் தடுப்பணைகளும் ஒரே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். ஒவ்வோர் அமைப்புக்கும் கீழே குறைந்தது ஓரிரு கிணறுகளின் நீர்மட்டம் மழைக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டு, அமைப்பே இல்லாத பக்கத்து ஓடையின் கிணறுகளோடு ஒப்பிடப்பட வேண்டும். இல்லையேல் நல்ல மழை தந்த உயர்வைத் தடுப்பணையின் சாதனையாக எழுதிக்கொள்ளும் பிழை தொடரும். கட்டுமானச் செலவோடு பராமரிப்புச் செலவும் சேர்த்தே அனுமதிக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தகைய பாறை நிலத்தில் செறிவூட்டல் தாத்தா காலத்து நீர்மட்டத்தை மீட்டுத்தரும் என்ற வாக்குறுதியைத் தவிர்ப்பது நேர்மை. அது தரக்கூடியது, தைக்குப் பின் கிணற்றில் இன்னும் இரண்டு, மூன்று மாதத் தண்ணீர்; குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒரு போகப் பயிருக்கும் அது போதுமானது, அதற்கு மேல் பயிரிட்டால் அடுத்த போர் இன்னும் நூறு அடி ஆழமாகும்.